வெள்ளைக் கழுகும் ஹலினாவின் சம்பந்திகளும்

தையற்காரனுக்கு எல்லா நாட்டு இடுப்பளவும் தெரியும். எந்த நாட்டு ரோசம் எந்த விளிம்பில் இருக்கிறது என்பது தைத்த பிறகுதான் தெரியவரும். ஊசி பிடிக்கிற உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும், கேளுங்கோ.

வெள்ளையா, சிவப்பா?

ஜெர்மனியின் எசன் நகரில் என் கடைக்குப் பல வருசமாக வருகிற போலந்துக்காரி ஹலினா. மகளுக்குக் கலியாணம், மாப்பிள்ளை வீட்டார் வார்சாவிலிருந்து வருகிறார்கள். "ஜெர்மனிக்குப் போனவை எல்லாத்தையும் மறந்திட்டினம் எண்டு அவை சொல்லக்கூடாது" என்று, மண்டபத்துக்கு இருபது கொடியும் நாட்டுச் சின்னமான வெள்ளைக் கழுகு போட்ட பெரிய பதாகை ஒன்றும் கேட்டார்.

போலந்துக் கொடியில் மேலே வெள்ளை, கீழே சிவப்பு. எங்கள் பக்கத்தில் வெள்ளைக் கொடி கட்டினால் செத்தவீடு. கலியாணத்தில் வெள்ளையை மேலே விடுவதா? மங்களமாக இருக்கட்டும் என்று சிவப்பை மேலே வைத்து, தொங்கவிடும் நாடாவையும் அதிலேயே தைத்துவிட்டேன். ஹலினா ஒன்றைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். கைதேர்ந்த தொழிலாளியை ஜெர்மனில் கூப்பிடுகிற மாதிரி என்னை எப்போதும் 'மைஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்.

"மைஸ்டர், இது இந்தோனேசியாக்காரற்ற கொடி. என்ர மகள் கட்டுறது போலந்துப் பொடியனை."

கிரீடம்

இருபது நாடாவையும் பிரித்து மற்றப் பக்கம் தைத்தேன். அடுத்தது தலையில் தங்கக் கிரீடம் வைத்த கழுகு. அலகுக்கும் காலுக்கும் போட்டதோடு தங்கநூல் முடிந்துவிட்டது. பறவைக்கு எதற்குத் தொப்பி, ஆர் பார்க்கப்போகினம் என்று தலையை மொட்டையாக விட்டேன். என்னோடு வேலை செய்கிற வசந்தி, "அண்ணை, பிள்ளையாரை இப்பிடித் தைப்பியளோ?" என்று கேட்டாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஹலினா வந்தார். பதாகையை விரித்துக் கழுகின் தலையைத் தடவிப் பார்த்தார்.

"அந்தக் கிரீடத்தைக் கழட்ட முந்தி ஒரு கம்யூனிஸ்ட் அரசாங்கமே வேண்டியிருந்தது, மைஸ்டர். நீங்கள் தனியாளாச் செய்து முடிச்சிட்டியள்."

எந்தத் தலைநகர்?

தங்கநூல் வாங்கிக் கிரீடம் வைத்தேன். கழுகுக்குக் கீழே ஒரு ஊர்ப்பெயர் வேண்டுமாம். ஹலினா பிறந்தது கிராக்கோவில். "ராசாக்கள் இருந்த தலைநகர், அதைத்தான் போடவேணும்." கூட வந்த புருசன் தலையைச் சொறிந்தார். "சம்பந்தி வார்சாக்காரர். இப்பத்தைத் தலைநகர் அவையின்ர. முதல் நாளே முகம் கறுத்துப்போகும்." இரண்டையும் போடலாம் என்றால், எது முதலில் என்று அடுத்த சண்டை. ஹலினாவின் கண் கலங்கிவிட்டது. கலியாணத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

"இது ரண்டுக்கும் முந்தித் தலைநகர் இருக்கேல்லையோ?" என்று கேட்டேன். "க்னியெஸ்னோ," என்றார் புருசன். "அங்கை உங்கட சொந்தக்காரர் ஆரும் இருக்கினமோ?" இல்லையாம். "சம்பந்தியின்ர?" அவருக்கும் இல்லையாம்.

ஹலினா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்ப அதைத் தையுங்கோ, மைஸ்டர், கெதியா."

சம்பந்தி

கலியாணம் முடிந்த திங்கட்கிழமை, மண்டபத்தில் நடனமாடிக் கிழிந்த காற்சட்டையோடு கடைக்கு ஒருவர் வந்தார். ஹலினாதான் கூட்டி வந்தார். வார்சாச் சம்பந்தி அவர்தான். அவர் போலிஷில் சொல்ல, ஹலினா ஒரு சொல்லும் விடாமல் ஜெர்மனில் சொன்னார்.

"ஜெர்மன்காரற்ற கலியாணத்துக்குப் போறன் எண்டுதான் வெளிக்கிட்டனான். கதவைத் திறந்தால் வீட்டை வந்தமாதிரி இருந்தது."

ஒரு நாட்டின் மானத்தைப் பிரித்தும் சேர்த்தும் தைத்தபோது வராத வியர்வை, அப்படிச் சொன்ன மனுசனின் காற்சட்டையில் பிழை விடக்கூடாதே என்று தைக்கும்போதுதான் எனக்கு வந்தது.