டாக்டர் ஆத்மநாதனின் ஆள்காட்டி விரல்

கார்பாலிக் சோப்புப் போட்டுக் கழுவிய கையை அவர் துண்டால் துடைப்பதில்லை. காற்றில் ஆற விடுவார். ஆறியதும் வலது கை ஆள்காட்டி விரலைத் தூக்கி, எதிரே நிற்கும் தகப்பனின் மூக்குக்கு நேரே நிறுத்துவார்.

"சேனை கீனைன்னு எதையாவது பிள்ளை நாக்குல வச்சே, அப்புறம் இங்கிட்டு எட்டிப் பாக்காதே. தெரியுதா?"

தகப்பன் தலையை ஆட்டுவான். இதுவரை வந்த அத்தனை தகப்பன்மாரும் ஆட்டியிருக்கிறார்கள். பிள்ளை பிறந்ததும் சேனை வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்திருக்கிறார்கள்.

பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பது சேனை. வைத்தவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம் சீமையின் சித்தாந்தம். அது வைக்கும்வரை தாய்ப்பாலும் கிடையாது. டாக்டரின் சித்தாந்தம் வேறு. பச்சைப் பிள்ளைகளை வாரிக்கொண்டு போகும் கழிச்சலுக்கு அந்த அழுக்கு விரலே காரணம் என்று நிரூபிக்க ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்று எழுதுகிறார். ஐரோப்பாவில் சண்டை மூளும் முன்பே தொடங்கியது. சண்டை ஆப்பிரிக்காவைத் தாண்டிவிட்டது. கட்டுரை முன்னுரையைத் தாண்டவில்லை. சேனை வைக்காத பிள்ளை ஒன்றுகூட ஆராய்ச்சிக்கு அகப்படாதது அவர் குற்றமா?

வீட்டில் அவர் ஆராய்ச்சி பேசுவதில்லை. ஒரே மகன் வருஷா வருஷம் இண்டர்மீடியட்டில் தோற்றுவிட்டுச் சீட்டுக் கச்சேரியில் உட்கார்ந்திருக்கிறான். "ஒங்க அண்ணன் வச்ச சேனை! வேற எப்பிடி இருப்பான்?" என்று மனைவி பிரகதாம்பாளிடம் பாய்வார். விஞ்ஞானம் வாசற்படியில் செருப்போடு நின்றுவிடும்.

போன மாசியில் கொடும்பாளூர்ச் சேவுகன் வந்தான். மனைவி மூக்காயிக்கு நிறைமாதம். முன்னால் பிறந்த இரண்டும் கழிச்சலில் போய்விட்டன.

"இதுவாச்சும் தங்கணுங்கய்யா. நீங்க என்ன சொன்னாலும் கேக்குறேன்."

"நான் வார வரைக்கும் பிள்ளை நாக்குல ஒருத்தர் விரலும் படக் கூடாது" என்றார் டாக்டர். விரல் உயர்ந்தது. சேவுகன் அந்த விரலையே பார்த்தான். பிறகு கும்பிட்டான். எதைக் கும்பிட்டான் என்று யோசிக்க டாக்டருக்கு நேரமில்லை. கட்டுரைக்கு ஒரு பிள்ளை கிடைத்துவிட்டது!

சில நாள் கழித்து ஒரு விடியற்காலையில் ஆண் பிள்ளை பிறந்தது. முதல் பஸ்ஸிலேயே ஆள் வந்து சொன்னான். அன்று மாதர் சங்கத்தில் 'பச்சிளங் குழந்தைப் பராமரிப்பு' பற்றி டாக்டர் பேச வேண்டியிருந்தது. "வாரேன்னு போய்ச் சொல்லு" என்று ஆளை அனுப்பிவிட்டு, பேசி, மாலை வாங்கி, காப்பி சாப்பிட்டு, பெட்ரோல் பஞ்சத்தில் அடுப்புக்கரியில் ஓடும் கரிவாயு பஸ் ஏறினார். அது அன்னவாசலில் கொஞ்சம் இளைப்பாறியது, இலுப்பூரில் ரொம்ப இளைப்பாறியது. விராலிமலையில் மாட்டுவண்டி பிடித்துக் கொடும்பாளூர் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

சேவுகன் வீட்டு வாசலில் ஊரே நின்றது. உள்ளே பிள்ளையின் அழுகை பூனைக்குட்டி முனகலாகத் தேய்ந்திருந்தது.

"பால் குடிச்சுச்சா?"

"எப்பிடிங்கய்யா குடிக்கும்? நீங்க வந்து வைக்கணுமுல்ல" என்றான் சேவுகன்.

அவன் அக்காள் முனியாயி கிண்ணத்தை நீட்டினாள். "காலையிலேயே கரைச்சு வச்சுட்டோம். எத்தனை பேரு சேனை வைக்க வந்தாக, கிட்ட விடலையே! ஈ ஒண்ணு விழுந்துச்சு, எடுத்துப் போட்டுட்டேன்."

டாக்டருக்கு வேர்த்தது. "மொதல்ல பிள்ளைய மார்ல போடும்மா!"

மூக்காயி நாத்தனார் முகத்தைப் பார்த்தாள்.

"சேனை வைக்காமலா? நல்லாருக்கு" என்றாள் முனியாயி. "மொத ரெண்டுக்கும் வச்ச கை சரியில்ல, அதான் தங்கல. இதுக்குத்தான் ஒங்க கையி."

டாக்டர் விரலைத் தூக்கினார். கிருமி என்றார், குடல் என்றார், சீமையில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்றார். மாதர் சங்கத்தில் கைதட்டல் வாங்கிய வாக்கியங்கள் வரிசை பிசகாமல் வந்தன.

"எல்லாஞ் சரிதாங்கய்யா. பேச்ச அப்புறம் பேசிக்கிரலாம். பிள்ளைக்குத் தொண்டை வத்திப்போச்சு" என்றான் சேவுகன்.

அப்போது பிள்ளை முனகுவதையும் நிறுத்திவிட்டது. டாக்டர் பேச்சு நின்றது அதற்குப் பிறகுதான்.

பழைய தண்ணீரைக் கொட்டச் சொன்னார். வெந்நீர் கொதித்தது, புதுச் சர்க்கரை கரைந்தது. பையிலிருந்த சோப்பை எடுத்துக் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினார். பிள்ளையை மடியில் வாங்கி, கட்டுரையின் ஒரே நம்பிக்கையான அந்த நாக்கில் விரலைத் தொட்டு வைத்தார். பிள்ளை விரலைக் கவ்வி இழுத்துச் சப்பியது. முனியாயி குலவையிட்டாள்.

மூக்காயி அவசரமாகக் கையை நீட்டினாள். டாக்டர் கொடுக்கவில்லை.

"ஏம்ப்பா சேவுகா" என்றார், குரலைத் தணித்துக்கொண்டு. "அப்ப, இவன் என்னைய மாதிரியே வருவான்கிறியா?"

"வராம எங்கிட்டுங்கய்யா போவான்?"

டாக்டர் வாசற்பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். பிறகு விரலை மறுபடியும் கிண்ணத்தில் நனைத்தார்.