நான் அழித்த கையெழுத்து

கள்ளக்குறிச்சியில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன வருடம் மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஓர் அம்மா பழைய கையடக்கக் கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் திரையில் குச்சியால் எழுதினால் கையெழுத்து அப்படியே பதியும்.

"எங்க வூட்டுக்காரருக்குத் தொண்டையில ஆபரேசன் ஆயி பேச்சு போயிடுச்சுங்க. சாவற வரைக்கும் இதுலதான் எழுதிக் காட்டிக்கினு இருந்தாரு. இப்ப பட்டன் அழுந்தல. பேட்டரிய கழட்டுனா ஒரு நிமிசத்துல மாட்டிடணுங்க. இல்லன்னா எல்லாம் அழிஞ்சிடும்."

தலையாட்டினேன். செல்போனில் பேட்டரியைக் கழற்றினால் எதுவும் அழியாது என்பது என் பதினைந்து வருட அனுபவம். கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து மாட்டியபோது, புதிதாக வாங்கியதைப் போல வரவேற்புத் திரை வந்தது; அவர் எழுதியது ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் அவர் வந்ததும், முன்பே அழிந்திருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. "தப்பு என்னோடதுங்கம்மா. நீங்க சொல்லியும் கேக்கல."

வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா எழுதினாருன்னு எல்லாம் எனக்கு மனப்பாடங்க. கையெழுத்துதான் போயிடுச்சு."

முந்தானையால் கணினியைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

திட்டியிருந்தால் இந்நேரம் மனம் ஆறியிருக்கும். இப்போதும் மூங்கில்துறைப்பட்டு பஸ் கடையைக் கடக்கும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.