மாரிமுத்துவின் டிராஃப்ட் சீட்டுகள்

டைப்பிங் கடைக்காரனுக்கு வாடிக்கையாளரின் முகம் மறந்துபோகும்; அவருடைய அப்பா பெயரும் பிறந்த தேதியும் மறக்காது. ஓமனில், சோஹாரில் துறைமுக வேலை மும்முரமாக நடந்த வருடங்களில் எனக்கு அங்கே ஒரு கடை இருந்தது. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு போன், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. விசா படிவம், லீவு லெட்டர், கஃபீலுக்கு, அதாவது விசா கொடுத்த முதலாளிக்கு, அரபியில் மன்னிப்புக் கடிதம், எது கேட்டாலும் அடித்துக் கொடுப்பேன். படிவம் நிரப்பியே நொந்துபோன மகாஜனங்களே, உங்களுக்குத் தெரியாததா? கட்டத்துக்குள் அடங்காத ஆள் உலகத்திலேயே கிடையாது என்று நானும் திமிராகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வரி கட்டாதவன்

சுனாமி வந்துபோன சில வாரங்களில், லேபர் கேம்ப் ஆட்கள் ஊரிலிருந்து வந்த நிவாரணப் படிவங்களோடு கடைக்கு வர ஆரம்பித்தார்கள். எல்லாம் நம் கடற்கரைப் பிள்ளைகள். படிவத்தில் ஒரு கேள்வி: வருமான வரி கட்டுகிறவரா, இல்லையென்றால் வருமானத்துக்கு என்ன சான்று? இங்கே சம்பளத்துக்கு வரி கிடையாது. ஊரில் வலை இழுக்கிறவனோ வரி ஆபீஸ் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே அறியாதவன். முதலில் வந்த வெல்டர் ஆறுமுகம் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

நான் விடுவேனா? "மாசாமாசம் வீட்டுக்கு டிராஃப்ட் எடுக்கிறீங்கள்ல, அந்தச் சீட்டுல உங்க பேரு இருக்கும்ல? ஜெராக்ஸ் போட்டு வைங்க, அதைவிடச் சாட்சி என்ன வேணும்?" என்றேன். அன்றிலிருந்து வந்தவனுக்கெல்லாம் இதே மருந்துதான். கிரேன் செக்‌ஷனில் வேலை பார்த்த மாரிமுத்துவும் ஒரு கட்டுச் சீட்டைக் கொண்டுவந்து, ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனான். ஆறுமுகம் மட்டும் சந்தேகம் தீராமல் கேட்டான்: "வரியே கட்டாதவன் கையை நீட்டுனா அரசாங்கம் ஏசாதா பாய்?"

வெளிநாட்டு வீடு

ஏசத்தான் செய்தது. ஆறுமுகத்தின் மனைவி சீட்டுகளோடு போய் நின்றதும், மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "வெளிநாட்டு வீடா? உங்களுக்கு என்னம்மா குறை, கடைசியில நில்லுங்க" என்றாராம். அடுப்படி, கூரை, பீரோ எல்லாம் கடலோடு போயிருந்தது அந்த வீட்டில்.

என் கடை போனுக்குத்தான் அந்தப் பெண் கூப்பிட்டது. ஆறுமுகம் சைட்டில் இருந்ததால் ஏச்சை நானே வாங்கிக்கொண்டேன். கடைசியில் கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்தோடு அவர்களுக்கு நிவாரணம் கிடைத்துவிட்டது என்றாலும், அன்று அது கேட்டது இதுதான்: "வெளிநாட்டுக்காரன் வூடு, இங்க வராதன்னு அந்த அலைகிட்ட யாரும் சொல்லலையே பாய்!"

ஒரே பிறந்த தேதி

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்து கடையைத் திறக்கிறேன், மாரிமுத்து வாசலில் நிற்கிறான். தாசில்தாருக்கு ஒரு மனு வேண்டுமாம். அண்ணன் சுனாமியில் இறந்துவிட்டாராம், அண்ணி சரசுவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நிவாரணம் இல்லையென்று சொல்லிவிட்டார்களாம். "இறந்தவர் பேரு?" என்று கேட்டேன். "மாரிமுத்து" என்றான். அப்பா பெயரைச் சொன்னான், பிறந்த தேதியைச் சொன்னான். என் விரல் நின்றுவிட்டது. போன மாதம் அவனுடைய பத்தாக்காவைப் புதுப்பிக்க, அதாவது இங்கத்து அடையாள அட்டைக்கு, நான் அடித்துக் கொடுத்ததும் இதே பெயர், இதே தேதி.

"தம்பி, இது நீங்கள்ல?" என்றேன். அவன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னான். நாலு வருடத்துக்கு முன்னால் விசா வந்தது அண்ணன் பெயரில். அண்ணிக்கு அப்போது பேறுகால நேரம், அண்ணன் போக மாட்டேன் என்றுவிட்டார். கட்டிய பணத்தை ஏஜெண்டு திருப்பித் தரமாட்டேன் என்றான். பாஸ்போர்ட்டில் போட்டோவை மட்டும் மாற்றி, தம்பி செல்வராசுவை மாரிமுத்துவாக விமானம் ஏற்றிவிட்டான். வந்த நாளிலிருந்து எல்லாருக்கும் இவன் மாரிமுத்துதான்.

அண்ணன் உடலை யாரும் அடையாளம் காணவில்லை; பெயர் தெரியாத பலரோடு ஒரே குழியில் போட்டு மூடிவிட்டார்கள். ஊருக்கே உண்மை தெரியும், ஆனால் பாஸ்போர்ட் கேஸாகிவிடுமே என்று எழுதிக்கொடுக்க ஒருவரும் வரவில்லை. பேர் இல்லாத பிணத்துக்கு எதிரே, மாரிமுத்து ஓமனிலிருந்து மனைவிக்குப் பணம் அனுப்புகிறார் என்று சொல்ல ஒரு கட்டு அத்தாட்சி இருந்தது. யா அல்லாஹ், அந்தக் கட்டை ஜெராக்ஸ் போட்டது நான். அலைக்குப் பிறகு அனுப்பிய சீட்டும் அதில் இருந்தது. அவன் என்னைக் குறை சொல்லவில்லை. இதைத்தான் சொன்னான்: "நான் அனுப்புற ஒவ்வொரு டிராஃப்டும் எங்கண்ணன் உசுரோட இருக்காருன்னு சொல்லுது பாய்."

கேட்காத லீவு

குற்றம் என்னுடையதாக இருந்ததால் கோபம் அவன்மேல் வந்தது. கூடப்பிறந்தவன் போயிருக்கிறான், எமர்ஜென்சி லீவுக்குக்கூட ஒரு லெட்டர் கேட்டு நீ வரவில்லையே, என்ன மனுஷனய்யா நீ என்று சத்தம் போட்டேன். அண்ணன் போன சேதி வந்த அன்றும் டியூட்டிக்குப் போயிருக்கிறான். பதினாறாம் நாள் காரியத்தன்றும் போயிருக்கிறான். அழுததை யாரும் பார்த்துவிடாமல் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வானாம். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்: "மாரிமுத்து செத்துட்டான், மாரிமுத்துக்கு லீவு குடுங்கன்னு எப்படி பாய் கேக்குறது?"

அண்ணியின் போன்

நான் ஒரு கோழை யோசனை சொன்னேன். இனி டிராஃப்டை ஆறுமுகம் பெயரில் அனுப்பு, வாயைத் திறக்காதே, கொஞ்ச நாளில் ஆறிவிடும். ஆறவில்லை. ஓமனில் இருக்கிற மாரிமுத்து யார் என்று எழுத்தில் வேண்டும் என்றார்கள் தாலுகா ஆபீஸில். அதைச் சொல்ல ஒரே ஒரு ஆளால்தான் முடியும், சொன்னால் அவனுக்கு இங்கே வேலையும் போகும், ஜெயிலும் உண்டு, ஊரில் கேஸும் காத்திருக்கும். சொல்லாவிட்டால் அண்ணிக்கு இறப்புச் சான்றிதழ் இல்லை, புதுக் குடியிருப்பில் வீடு இல்லை, பிள்ளைகளோடு தகரக் கொட்டகைதான்.

இவன் என்ன செய்யப்போகிறான் என்று மோப்பம் பிடித்து, சரசுவே கடைக்குப் போன் செய்தது. புருஷன் செத்ததைக்கூடச் சொல்லி அழ முடியாத பெண். அரசாங்கத்தைக் கேட்டால் அது இன்னும் சுமங்கலிதான். நிவாரணத்துக்கு வழி கேட்கும் என்று நினைத்தேன். கேட்டது வேறு: "கொட்டகையிலயே கெடந்துக்கறோம் பாய், ஒருத்தர் போனது போதும், என் கொழுந்தனை எழுத விட்டுராதீங்க."

கையெழுத்து

விடக்கூடாது என்றுதான் இருந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். தூதரகத்துக்கு ஒரு வாக்குமூலம் வேண்டும், தாசில்தாருக்கு ஒரு நகல். "ஜெயில் தம்பி, விளையாட்டில்ல. அண்ணி வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றேன். "அவங்க அப்படித்தான் சொல்வாங்க. நீங்க அடிங்க" என்றான். அடித்தேன். மாரிமுத்து என்பவர் என் அண்ணன், அவர் இறந்துவிட்டார், நான் அவரல்ல. இத்தனை வருடத்தில் நான் அடித்ததிலேயே சின்ன கடிதம் அதுதான்.

கையெழுத்துப் போடக் குனிந்தவன், நாலு வருடப் பழக்கத்தில் 'மாரி' வரை எழுதிவிட்டான். அந்தத் தாளைக் கிழிக்க மனமில்லாமல் நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். புதுத் தாள் எடுத்துக் கொடுத்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைபோல மெதுவாக, செல்வராசு என்று எழுதினான். பிறகு தலையைத் தடவிக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னான்: "எங்கண்ணனுக்கு இன்னிக்குத்தான் பாய் காரியம் பண்ணிருக்கேன்."

அவன் சில மாதம் உள்ளே இருந்து ஊர் போய்ச் சேர்ந்தான், கேஸுக்காகக் கோர்ட்டுக்கு அலைந்தான், சரசுவுக்குச் சான்றிதழும் வீடும் கிடைத்தன; மாரிமுத்து உயிரோடு இருக்கிறார் என்று காட்ட நாலு வருடம் ஒரு போட்டோ போதுமாக இருந்தது, செத்துவிட்டார் என்று காட்டத்தான் ஒரு முழு ஆள் தேவைப்பட்டான்.