குடல் புண்காரனுக்கு மூல ஊசி

நான் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பெருங்குடல் புண்ணுக்கு மூன்று வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். ஆறு மாதம் முன்பு ஆசனவாய் ஓரம் கட்டி வந்து, ஸ்டூலில் உட்கார முடியவில்லை. பக்கத்து மெஷின்காரர், "நாள் முழுக்க உக்காந்து தைக்கறோமுங்க, நமக்கெல்லாம் மூலம்தானுங்க" என்று சொல்லி, டாக்டருக்குப் படிக்காமலே கடை வைத்து மூலத்துக்கு ஊசி போடும் ஒருவனிடம் அனுப்பினார்.

குடல் புண் இருப்பதை அவனிடம் சொன்னேன். "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க, குப்புறப் படுங்க" என்று ஊசி போட்டான். மூன்றாம் நாள் காய்ச்சலில் நடுங்கினேன். பெரியாஸ்பத்திரியில் கட்டியை அறுத்துச் சீழை எடுத்தார்கள். "இது மூலமே இல்லீங்க, குடல் புண்ணால வந்த சீழ்க்கட்டிங்க. இன்னும் ரெண்டு நாள் உட்டிருந்தா உசுரே போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா.

அவனிடம் போய்க் கேட்டேன். "உங்க உடம்பு வாகு அப்படிங்க" என்று சிரித்தான்.

சுகாதார அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். இப்போது சின்ன வலி என்றாலும் குடல் டாக்டரிடம்தான் காட்டுகிறேன். ஞாயிறுதோறும் அவன் கடைக்கு எதிரே நின்று, வருகிறவர்களிடம் நடந்ததைச் சொல்கிறேன். பாதிப்பேர் திரும்பிப் போகிறார்கள்.

போன வாரம் அவன் வெளியே வந்து, "ஏனுங்க, என் பொழப்பைக் கெடுக்கறீங்க?" என்றான்.

"அதுக்குத்தானுங்க வந்து நிக்கறேன்" என்றேன்.