வெடித்த பாளம்

நான் இஞ்சினியர் உரிமத் தேர்வு எழுதப் புறப்பட்ட அன்றே அப்பா பிளெக்ஸ் அடித்துவிட்டார். எங்கள் மீன்பிடி ஊரான எஸ்டான்சியாவின் ஜீப் நிறுத்தத்தில், மின்கம்பத்துக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே, டை கட்டிய என் முகம் ஆறடி அகலத்துக்குச் சிரித்தது. கீழே 'வாழ்த்துகள், இஞ்சினியர் டெல்ஃபின் சுமகாய்சாய்' என்று கொட்டை எழுத்து. சில நாள் கழித்துத் தேர்ச்சிப் பட்டியல் வந்தது. அதில் என் பெயர் இல்லை. தோற்பது அது இரண்டாம் தடவை.

"கழட்டிடுங்கப்பா."

"இப்பக் கழட்டினா எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும். இருக்கட்டும், வெயில்ல தானா வெளுத்துரும்" என்றார் அப்பா. அவர் ஜீப் ஓட்டுபவர். நடைக்கு நடை பயணிகளிடம் என்னைக் காட்டிப் பெருமைப்பட்டாகிவிட்டது.

வெளுக்க ஒரு வருடம் ஆனது. அதற்குள் ஊரே என்னை இஞ்சினியர் என்று கூப்பிடப் பழகிவிட்டது. விமான எஞ்சின்களோடு வாழ ஆசைப்பட்டு இயந்திரவியல் படித்தவன் நான். பழுதுபார்க்க வந்து சேர்ந்ததென்னவோ சுற்றாத மின்விசிறிகளும் சூடேறாத மின்சாரச் சோற்றுப் பானைகளும்தான்.

துறைமுகத்தில் ஐஸ் ஆலை வைத்திருந்த எவாஞ்சலின் அம்மாளும் பிளெக்ஸைப் பார்த்துத்தான் ஆள் அனுப்பினார். இன்னும் தேறவில்லை என்று சொன்னேன். அந்த அளவுக்கு நேர்மை அப்போதே இருந்தது.

"உதவியாளன்னு எழுதிக்கிறேன். கூப்பிடறது இஞ்சினியர்னுதான். கேக்க நல்லா இருக்கு" என்றார்.

வேலை எளிதானது. நீளத் தொட்டியில் கடுங்குளிரான உப்புநீர் நிற்கும். நல்ல தண்ணீர் நிரப்பிய தகர அச்சுகளை அதில் இறக்கினால் ஒன்றரை நாளில் இடுப்பளவு ஐஸ் பாளம். அச்சுகளைத் தூக்கும் கிரேனை ஓட்டியவள் நெனித்தா, என் வயதுக்காரி.

உப்புநீரை இன்னும் ஆறு டிகிரி குளிரவைத்தால் பாளம் சீக்கிரம் உறையும் என்று முதல் மாதமே கண்டுபிடித்தேன். மூன்று தாள் நிறையக் கணக்கு. நெனித்தாவிடம் காட்டினேன்.

"இத்தனை வருசமா ஏன் யாரும் இதைச் செய்யலைன்னு கேட்டீங்களா?"

"யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டாங்க."

"அப்படியா" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. வேண்டுமென்றேதான் பேசாமல் இருந்தாள் என்பதை எங்கள் கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஒப்புக்கொண்டாள்.

அன்றே உப்புநீரை ஆறு டிகிரி குறைத்தேன். மறுநாள் அவள் அச்சுகளைத் தூக்கி, பாளம் கழல்வதற்காகச் சாதாரண நீரில் முக்கினாள். புத்தாண்டு வெடிபோல் பட்பட்டென்று சத்தம். கவிழ்த்தால், அறுபது பாளமும் விரிசல் விட்டுச் சரிந்தன. என் முகத்தில் ஈயாடவில்லை. அதே நேரம் பார்த்து, காலையில் போய் மாலையில் திரும்பும் கரைப் படகுக்காரர் ரெமி அண்ணன் ஐஸ் வாங்க வந்து நின்றார்.

"என்ன இஞ்சினியர் இது?"

"புது முறை" என்று வாய் தானாகச் சொல்லிற்று.

"படகுல இதை உடைச்சு உடைச்சே எங்க முதுகு போச்சு. நீங்களே உடைச்சுத் தர்றீங்களா? நல்லா இருப்பீங்க."

மாலைக்குள் பத்துப் படகுகள் 'இஞ்சினியர் ஐஸ்' கேட்டு வந்தன. எவாஞ்சலின் அம்மாள் எல்லோர் முன்னாலும் என் கையைக் குலுக்கி, பன்றி வறுவலோடு விருந்து வைத்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வறுவல் இருந்தது.

மூன்று வாரம் கழித்து ஓர் ஆழ்கடல் படகு திரும்பியது. எட்டு நாள் தாங்க வேண்டிய ஐஸ் ஐந்தாம் நாளே கரைந்து, மீனெல்லாம் அழுகிக் கிடந்தது. நொறுங்கிய ஐஸ் சீக்கிரம் கரையும். இது குழந்தைக்கும் தெரியும், எனக்குத்தான் அதற்கும் தாள் தேவைப்பட்டது. படகுத் தலைவர் ஐஸை ஒழுங்காக மூடவில்லை என்று எல்லோரும் அவரைத் திட்டினார்கள். அவர் தலை குனிந்து நின்றதைப் பார்க்க முடியாமல் அம்மாளின் அறைக்குப் போனேன்.

"மேடம், அது முறையே இல்ல. அளவுக்கு மீறிக் குளிரவெச்சதால பாளம் வெடிச்சுது. தப்பு என்னோடது."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"முதல் நாளே."

"விருந்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"ரெண்டு தட்டு சாப்பிட்டியே" என்றார்.

வேலையை விட்டு அனுப்பவில்லை. படகுத் தலைவரிடம் எல்லோர் முன்னாலும் என்னை மன்னிப்புக் கேட்க வைத்தார். பிறகு சொன்னார்: "ஆழ்கடலுக்கு முழுப் பாளம். கரைப் படகுக்கு உடைச்சது. ரெண்டும் எனக்கு வேணும். வழி பண்ணு."

உப்புநீரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகுதான் படித்ததற்கு உருப்படியான ஒரு காரியம் செய்தேன். ஆறு வாரம் படகுகளில் போய், எவ்வளவு பெரிய துண்டு வேண்டும், எங்கே கொட்ட வேண்டும் என்று கேட்டேன். போன நாளெல்லாம் வாந்தியும் எடுத்தேன். நெனித்தாவும் நானும் ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஒன்று செய்தோம். முதல் இயந்திரம் ஐஸை ரெமி அண்ணன் நெற்றியில் எறிந்தது. இரண்டாவது தானே உறைந்து நின்றது. மூன்றாவதில் பழைய அரிசி ஆலை மோட்டார், நெனித்தா பற்றவைத்த இரும்புப் பற்கள், படகுத்துறை வரை சரியும் தகரப் பாதை. ரெமி அண்ணன் கூடையை ஏந்தி நின்றார். பாதி சிகரெட் புகைக்கும் நேரத்தில் நிரம்பியது.

"ம், பரவாயில்ல" என்றார். அன்று முழுக்க அதையே சொல்லிச் சொல்லி நெனித்தாவை அறுத்தேன்.

அடுத்த வருடம் தேர்விலும் ஒருவழியாகத் தேறினேன். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னால் அவர் வாசற்கதவைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசு. இவ்வளவு நாளா நீ இஞ்சினியர் இல்லைன்னு வெளிய தெரிஞ்சுரப் போகுது."

விமானப் பழுதுபார்ப்பு நிறுவனம் ஒன்று நேர்காணலுக்குக் கூப்பிட்டது. பிடித்த இயந்திரத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அரை மணி நேரம் பேச்சிலேயே ஐஸ் உடைத்துக் காட்டினேன். மரியாதையாக வழியனுப்பி வைத்தார்கள். வீடு திரும்பும் பேருந்தில் அழுகை வரும் என்று காத்திருந்தேன். தூக்கம்தான் வந்தது.

இப்போது ஏழு துறைமுகங்களில் எங்கள் இயந்திரம் ஓடுகிறது. எல்லா இடத்திலும் ஒரே புகார், சத்தம். போன மாதம் பற்களுக்கு ரப்பர் உறை போட்டுப் பார்த்தேன். சத்தம் குறைந்தது. ஐஸோடு ரப்பர் துண்டுகளும் மீன்கூடைக்குப் போயின. ரப்பருக்குப் பதிலாக வேறு ஏதோ வாங்கி வருகிறேன் என்று நெனித்தா இன்று இரும்புக்கடைக்குப் போயிருக்கிறாள்.