வெந்நீர் இஞ்சின்

நான் சொந்தமாகச் செய்த முதல் இஞ்சின் மூன்று குதிரைச் சக்தி. பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "இது இன்னா, மாவு அரைக்கிறதா?" என்றுதான். குட்டையாக, வயிறு பெருத்து, ஒரு பக்கம் மட்டும் பெரிய சக்கரத்தோடு நிற்கும். எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது.

அதற்கு முன்பு மதராஸில் சீமை இஞ்சின்களைப் பழுது பார்க்கும் பட்டறையில் ஏழு வருஷம் இருந்தேன். எவனோ செய்ததைக் கழற்றி மாட்டியே காலம் போய்விடுமோ என்று ஒருநாள் கோபம் வந்தது, வேலையை விட்டுவிட்டேன். முன்கோபம் எனக்குப் பிறவிக் குணம். பட்டறைப் போர்மன் நல்ல மனுஷன். பொங்கல் வரைக்கும் என் இடத்தில் வேறு ஆளைப் போடமாட்டேன் என்றார். என் மனைவி அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பொங்கலுக்குள் என் இஞ்சினை ஒருவராவது வாங்கவேண்டும். இல்லாவிட்டால் மதராஸுக்குத் திரும்ப வேண்டும், அதன் பிறகு வீட்டில் இஞ்சின் என்ற பேச்சே எழக்கூடாது. இதுதான் எங்களுக்குள் ஒப்பந்தம்.

மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த சாயபு ஒருவர், கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் தம்முடைய சீமை இஞ்சினை நான் இரண்டு முறை பிழைக்க வைத்த நன்றிக்காக, கிணற்றடியில் ஒரு கொட்டகையைக் கொடுத்தார். சிலிண்டரை வேலூரில் ஒரு வார்ப்புப் பட்டறையில் வார்த்தேன். முதல் இரண்டிலும் உள்ளே குமிழி விழுந்து வீணாயின, மூன்றாவது தேறியது. தீப்பொறிக்கு, ஓடாமல் கிடந்த பழைய மோட்டார் காரிலிருந்து ஒரு மேக்னெட்டோ கிடைத்தது. இஞ்சினின் பலத்தை அளக்க, சக்கரத்தின் மேல் கயிற்றைப் போட்டு, அதன் ஒரு முனையில் தோல் நிறுக்கும் தராசை மாட்டினேன். தராசைக் காணோம் என்று அதன் சொந்தக்காரரான தோல் மண்டிக்காரர் வந்து சத்தம் போடுவார். அளந்து முடிக்கும் வரை நானும் பதிலுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருப்பேன்.

முதல் சோதனையிலேயே மானம் போனது. சிலிண்டருக்கும் அதன் மூடிக்கும் நடுவே வாயு கசியாமல் ஒரு வளையம் வைக்கவேண்டும். மதராஸில் செம்பில் வைப்போம். இங்கேயோ சுற்றிலும் தோல். தண்ணீர் பம்புக்கெல்லாம் தோல் வளையம்தான் போடுகிறார்கள். நானும் யோசிக்காமல் நல்ல தோலாகப் பார்த்து வெட்டிப் போட்டேன். இஞ்சின் பத்து மூச்சு விட்டிருக்கும், குபீரென்று புகை. முற்றத்தின் அந்தக் கோடியில், தோல்களை ஊறப்போடும் குழிகளுக்குத் தலைவரான தொட்டிக்காரர் நின்ற இடத்திலிருந்தே மூக்கைத் தூக்கினார்.

"மேஸ்திரி, வெள்ளாடு. ஆவாரம்பட்டைல பதம் பண்ண சரக்கு. நல்ல தோலாச்சே, ஏன் கொளுத்துறீங்க?"

ஷாப்பே சிரித்தது. ஒரு வாரம் வரைக்கும் நான் போகிற வழியெல்லாம் யாராவது மூக்கை உறிஞ்சிக் காட்டினார்கள். தொட்டிக்காரரோடு நான் நான்கு நாள் பேசவில்லை.

செம்பு வளையம் போட்டதும் இஞ்சின் ஒழுங்காக ஓடியது. ஒரே ஒரு குறை, சூடு. ஊற்றுகிற மண்ணெண்ணெயில் பெரும்பங்கு வேலையாக மாறாமல் வெறும் சூடாகவே போய்க்கொண்டிருந்தது. சிலிண்டரைக் குளிர்விக்கப் பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டியிருந்தேன். அதன் அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஒரு குழாய் வழியே இஞ்சினுக்குப் போகும், சூடேறி மேல் குழாய் வழியே தொட்டிக்கே திரும்பும். தினமும் தொட்டியில் கையை விட்டுப் பார்த்து, "இவ்வளவும் தண்டம்" என்று நொந்துகொள்வேன். சாயபு பார்த்துவிடக் கூடாதே என்று தொட்டியின் மேல் பலகை போட்டு மூடியும் வைத்தேன்.

மார்கழி பாதி போனபிறகு சாயபு சொன்னார்: "அரை நாள் ஓட்டிக் காட்டறதெல்லாம் போதும் மேஸ்திரி. வெள்ளிக்கிழமை வேணாம், சனிக்கிழமை வெச்சிக்கோ. சீமை இஞ்சினை நிறுத்திடறேன். காலைத் தொழுகை முடிஞ்சி நான் வர்றப்ப ஓடணும், சாயந்திரத் தொழுகைக்கு நான் கெளம்பற வரைக்கும் நிக்கக் கூடாது. நின்னா வாங்க மாட்டேன்."

சனிக்கிழமை காலை சக்கரத்தைச் சுற்றிவிட்ட மூன்றாவது சுற்றிலேயே இஞ்சின் ஓடத் தொடங்கியது. கிணற்று நீர் எல்லாக் குழிகளுக்கும் பாய்ந்தது. சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி சற்று நேரம் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் ஓடுது. பாத்திரமெல்லாம் மூட்டை கட்டிட்டேனே, அவிழ்க்கட்டுமா?" என்றாள். "அவிழ்" என்றேன் பெருமையாக.

அவள் போய் ஒரு மணி நேரம் இருக்காது. இஞ்சினின் குரல் மாறியது. உள்ளே யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் டக், டக் என்றது. சிலிண்டரில் தெளித்த தண்ணீர் சீறிப் பறந்தது. தொட்டிக்கு ஓடிப் பலகையைத் தூக்கிக் கையை விட்டேன். வழவழவென்று ஏதோ அகப்பட்டது. இழுத்தால், ஆட்டுத்தோல்! இன்னொன்று இழுத்தேன், இன்னொன்று. நாற்பதுக்குக் குறையாது. அடிக்குழாயின் வாய் முழுக்க ஆட்டு மயிர்.

தொட்டிக்காரர் ஓடிவந்தார். நான் கத்திய கத்தலை இங்கே எழுத முடியாது.

"காஞ்ச தோலு மேஸ்திரி," என்றார் அவர், கையைப் பிசைந்துகொண்டு. "பச்சத் தண்ணில ஊற ரெண்டு மூணு நாளாவுது. இங்க தண்ணி வெதுவெதுன்னு சும்மாத்தானே கெடக்குது? பத்து நாளா போட்டுனுதான் இருக்கேன். பத்தோ பதினஞ்சோ, ஜாஸ்தி இல்ல."

"இன்னிக்கு நாப்பது இருக்குதே!"

"இன்னிக்கு நாள் பூரா ஓடும்னு நீங்கதானே சொன்னீங்க?"

அந்த ஷாப்பில் என் இஞ்சினை முழுதாக நம்பிய ஒரே ஆள் அவர்தான் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. டக் டக் என்ற சத்தம்தான் காதில் இருந்தது. இன்னும் கொஞ்சம் ஓட்டினால் பிஸ்டன் இறுகி சிலிண்டர் வெடித்துவிடும். நிறுத்தினால் பொங்கலோடு மதராஸுக்குத் திரும்ப வேண்டியதுதான். எண்ணெய்க் குழாயின் திருகில் கையை வைத்தேன். அழுகையே வந்துவிட்டது. மூடினேன். சக்கரம் மெல்ல நின்றது.

சத்தம் அடங்கியதும் சாயபு வந்தார். நான் வாயைத் திறக்கும் முன்பே தொட்டிக்காரர், "தப்பு என்னுது சாயபு, மேஸ்திரி மேல ஒண்ணும் இல்ல" என்று முந்திக்கொண்டார். சாயபு அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கீழே கிடந்த தோலை எடுத்து, மடித்து, கட்டைவிரலால் தேய்த்தார்.

"இது எப்போ போட்டது?"

"இன்னிக்குக் காலைல."

"மார்கழிக் குளிர்லயா, அரை நாள்ல இப்படி ஊறிச்சி?" இன்னொரு தோலை எடுத்தார். அதையும் தேய்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பேச்சு பேச்சுதான் மேஸ்திரி. உன் இஞ்சின் நின்னுட்டுது. தண்ணி எறைக்க அது எனக்கு வேணாம்."

நான் தலையாட்டினேன்.

"தண்ணி எறைக்க எங்கிட்ட இஞ்சின் இருக்குது. வெந்நீர் போடத்தான் இல்ல. ரெண்டு தொட்டியா கட்டு, ஒண்ணு உனக்கு, ஒண்ணு தோலுக்கு. உன் தொட்டியில எவனும் கை வெக்காம நான் பாத்துக்கறேன்."

எனக்குச் சந்தோஷத்தைவிட ரோஷம்தான் முதலில் வந்தது. எதை மறைக்கப் பலகை போட்டேனோ, அதற்காகவா வாங்குகிறார்? வீட்டுக்குப் போய் மனைவியிடம் பொருமினேன். அவள் மூட்டையிலிருந்து எடுத்த வெண்கலப் பானையை அடுப்பில் வைத்தபடியே, "எதுக்கு வாங்கினா இன்னா? வாங்கிட்டாங்கல்ல?" என்றாள். அன்று அவள் சிரித்த சிரிப்பை மதராஸில் ஏழு வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

பொங்கலுக்கு முன்பே, இஞ்சினின் வெந்நீர் வழிந்து விழும் இரண்டாவது தொட்டி தயாரானது. தண்ணீர் சூடாக வேண்டும் என்று விடிவதற்குள் போய் இஞ்சினை ஓட்டினேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. குழி வேலைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். குழியில் இறங்கும் முன்பு வெந்நீரில் முழங்கை வரைக்கும் கையை விட்டு நின்றார்கள். உப்பும் சுண்ணாம்பும் தின்று வெடித்த கைகள். நான் அந்த முற்றத்தில் எத்தனை மாதமாக இருந்தேன்! இஞ்சினின் சூட்டைத் தினமும் அளந்தேன்; இந்தக் கைகளை ஒருநாளும் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

இஞ்சினை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. தொட்டிக்காரர் மட்டும் நகர்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டார். நானும் கையை விட்டேன்.