பனிமலையில் ஒரு பாடு

பழவேற்காடு ஏரிக்கரையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கிறார் தேசப்பன். அவர் கொடுத்த இறால் வறுவலைத் தின்றபடியே, இமயமலையில் நான் பார்க்கும் வேலையைக் கைபேசியில் படமாகக் காட்டுகிறேன். வெள்ளை வெளேரென்று பனி, நடுவில் நாங்கள் நட்ட ஒற்றை மூங்கில்.

அவர் முகம் மலர்கிறது. "பாடு கட்டிக்கீறீங்களா! இன்னிக்கு யாரு மொறை?"

ஏரியில் மூங்கில் நட்டு வலை கட்டும் இடத்தைத்தான் இங்கே பாடு என்கிறார்கள். முறை வைத்துத்தான் அதில் இறங்குவார்கள். மூங்கிலைக் கண்டால் அவருக்கு முறை நினைவுக்கு வராமல் இருக்குமா?

"அடுத்த மாசம் என் மொறைண்ணா" என்கிறேன். பொய்யில்லை. பனி உருக உருக மூங்கில் வெளியே நீளும். எவ்வளவு பனி உருகியது என்று அறிய, நீண்டதை அளக்க ஆள் மாற்றி ஆள் மலையேறுகிறோம்.

"இன்னா மாட்டும்?"

"தண்ணி. வருஷா வருஷம் ஜாஸ்தியா மாட்டுது."

"தண்ணியா! அதுக்கா அம்மாந்தூரம் போறீங்க?" ஏரியைக் காட்டிச் சிரிக்கிறார். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

பிறகு கைபேசியை வாங்கிப் படத்தை மறுபடி உற்றுப் பார்க்கிறார். கடைசி இறாலை என் பக்கம் தள்ளுகிறார்.

"மூங்கில நல்லா ஆழமா எறக்குங்க சார். அடுத்த மொறைக்காரனுக்கும் நிக்கணும்ல?"